பேர் வெட்டிய கம்ப்யூட்டர்

என் மேஜைக்கு அடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டி இருக்கிறது. அதன் பக்கத் தகட்டில் புள்ளி புள்ளியாக உளி கொத்திய மூன்று எழுத்துகள்: அ.மெ.வ. இதைப் பாத்திரக்கடையில் வாங்கினீர்களா என்று கேட்டுச் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். காரைக்குடிப் பக்கம் பெண்ணுக்குக் கொடுக்கிற சாமானில் அண்டா முதல் கரண்டி வரை ஊரெழுத்தோடு சேர்த்து அவள் பேரை வெட்டித்தான் கொடுப்பார்கள். பேர் வெட்டிவிட்டால் அது அவளுடையது, புகுந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்க முடியாது. கம்ப்யூட்டருக்குப் பேர் வெட்டிய ஒரே மனுஷி, எனக்குத் தெரிந்து, எங்கள் ஆச்சிதான்.

ஆச்சி என்றதும் கிழவி என்று நினைத்துவிட வேண்டாம். காரைக்குடி செக்காலையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடை அவருடையது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. நகரத்தார் வீடுகளில் மூத்த பெண்ணை அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஊரும் அப்படியே கூப்பிட்டது. பத்திரிகை வடிவமைக்கிற மென்பொருளை அட்டைப்பெட்டியும் சிடியுமாக ஒரே தடவை விலை கொடுத்து வாங்கியிருந்தார். வாங்கிய கையோடு பாத்திரத்தில் பேர் வெட்டுகிறவரை வரவழைத்தாராம். மென்பொருளில் உளி இறங்காது என்பதால் அது குடியிருக்கிற பெட்டியில் வெட்டச் சொன்னாராம். இந்தக் கதையை நான் சேர்ந்த வாரத்திலேயே நாலு பேர் எனக்குச் சொல்லிவிட்டார்கள்.

மதுரையில் பெரிய அச்சகத்தில் இருந்துவிட்டு வந்த மிதப்பு எனக்கு. பெட்டியில் வாங்குகிற காலமெல்லாம் போய்விட்டது, இனிமேல் மாதச் சந்தாதான், எப்போதும் புதுசாகவே இருக்கும் என்று ஓதிக்கொண்டே இருந்தேன்.

"கட்டுறத நிறுத்துனா?" என்றார் ஆச்சி.

"நின்னுரும், ஆச்சி. ஆனா ஃபைலெல்லாம் நம்மகிட்டதான் இருக்கும்."

"அப்ப வீடு நம்மளுது, சாவி அவுகளுதாக்கும்."

கேட்டாரே தவிர, என் பேச்சைத் தட்டவில்லை. புதுக் கம்ப்யூட்டரும் சந்தாவும் எனக்கு வந்தன. பழையது அவர் மேஜையிலேயே, சுவரை ஒட்டி இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. மூத்த மகள் கல்யாணத்துக்கு அடித்த பத்திரிகையைப் பத்திரமாக வைத்திருந்து, இளையவளுக்கும் அதே மாதிரி வேண்டும் என்று வருவார்கள். பிள்ளையார் படம்கூட மாறக் கூடாது. அதனால் பழைய ஃபைல்தான் கடையின் உயிர். நான் என்ன செய்தேன் தெரியுமா? அவ்வளவு குடும்பத்துப் பத்திரிகைகளையும் புது மென்பொருளில் திறந்து, புது வடிவத்தில் சேமித்து, இடத்தை அடைக்கிறது என்று பழையதை இரண்டு கம்ப்யூட்டரிலும் அழித்தேன். அப்போது அதற்குப் பேர் சுறுசுறுப்பு.

ஒரு நாள் காலை நெற்குப்பையிலிருந்து ஒருவர் மூத்த மகளின் பத்திரிகையோடு வந்து உட்கார்ந்தார். பன்னிரண்டு மணிக்குள் முதல் பத்திரிகையைப் பக்கத்துக் கோயிலில் வைத்தாக வேண்டும். ஐந்து நிமிஷ வேலை என்று பெருமையாகச் சொல்லிவிட்டுத் திறந்தேன். சந்தா முடிந்துவிட்டது என்று திரை கையை விரித்தது. ஆச்சியின் பேங்க் கார்டு காலாவதி, புதுக் கார்டு இன்னும் தபாலில் வரவில்லை. ஒரு வாரமாக வந்த எச்சரிக்கைகளை நான்தான் அப்புறம் பார்க்கலாம் என்று மூடி மூடி வைத்திருந்தேன். ஆச்சியின் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். புது வடிவம் அதில் திறக்குமா? திறக்கவில்லை. வேலை போச்சு என்று நினைத்தேன். வேலையைவிட, ஆச்சி முகத்தை எப்படிப் பார்ப்பது என்பதுதான் பெரிய கவலை.

எல்லாவற்றையும் சொன்னேன். ஆச்சி நெற்குப்பைக்காரரைப் பார்த்து, "காபி சாப்பிடுறீகளா? முடிச்சுத் தந்துர்றேன்" என்றார். பிறகு என்னிடம், "பத்திரிகைய எடுத்து வாசி" என்றார். நான் வாசிக்க வாசிக்க, தம் கம்ப்யூட்டரில் முதல் எழுத்திலிருந்து அடித்தார். பிள்ளையாரை மட்டும் பத்திரிகையிலிருந்து ஸ்கேன் செய்தோம். பதினொன்றே முக்காலுக்கு மஞ்சள் தடவிய பத்திரிகையோடு நெற்குப்பைக்காரர் காரில் ஏறினார்.

ஆச்சி அன்றும் திட்டவில்லை, மறுநாளும் திட்டவில்லை. அது எனக்குத் திட்டைவிடக் கஷ்டமாக இருந்தது. அந்த வாரம் நான் பேங்குக்குப் போய்த் திரும்பியபோது பேர் வெட்டுகிறவர் கடையிலிருந்து இறங்கிப் போனார். டம்ளர் ஏதோ வெட்டியிருப்பார் என்று விட்டுவிட்டேன்.

பிற்பாடு நான் தனிக்கடை வைத்தேன். சந்தாதான் கட்டுகிறேன், அதை மறைப்பானேன்? வேலைக்கு அது வேண்டியிருக்கிறது. ஆனால் எந்தப் பத்திரிகையானாலும் பழைய மென்பொருளிலும் திறக்கும்படி ஒரு நகல் எடுக்காமல் அச்சுக்கு அனுப்புவதில்லை. இதில் யார் வந்து வாதாடினாலும் நான் அசைவதாக இல்லை.

போன வருஷம் ஆச்சி காலமானார். பேர் வெட்டிய சாமானெல்லாம் மகளுக்குத்தான் சேரும். காரியம் முடிந்த மறுவாரம் அந்த மகளே ஆட்டோவில் இந்தப் பெட்டியை ஏற்றிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"இது ஒங்க பொருளும்மா" என்றேன்.

"எல்லாத்தையும் பேரப் பாத்துத்தான் பிரிச்சோம்ணே. அங்குட்டுத் திருப்பிப் பாருங்க."

இத்தனை வருஷம் சுவரைப் பார்த்தே இருந்த பக்கம் அது. திருப்பினேன். அதே உளி, அதே புள்ளிகள். ஒ.செ.க. ஒக்கூர்க்காரனான என்னுடைய எழுத்துகள். புதிதாக வெட்டியதல்ல, புள்ளிகளுக்குள் துரு ஏறியிருந்தது.