அவருக்கு மிஞ்சிய ஒரு சொல்

பல்கலைக்கழகத்தில் பேச்சுச் சிகிச்சை கற்பிப்பவள் நான். மூளையில் அடிபட்ட சிலருக்கு ஒரேயொரு சொல் மட்டும் மிஞ்சும். எதைச் சொல்ல நினைத்தாலும் அதுதான் வாயில் வரும். சண்டிலிப்பாயில் நான் வாரந்தோறும் போய்ப் பார்த்த ஓய்வுபெற்ற பாடசாலை அதிபருக்கு, மோட்டார் சைக்கிள் விபத்துக்குப் பிறகு மிஞ்சியது "விசரா", அதாவது பைத்தியக்காரா, என்ற ஏச்சு. அதில் அர்த்தம் தேட வேண்டாம் என்றே மாணவர்களுக்குச் சொல்லிவந்தேன்.

ஒருநாள் அவருடைய மகளைப் பெண் பார்க்க வந்தார்கள்.

"இண்டைக்கு மட்டும் அவரை அறைக்குள்ளை வைச்சிருங்கோ மிஸ். வாறவையை ஏசிப்போடுவார்," என்றார் அவர் மனைவி.

கதவைச் சாத்திவிட்டுப் பயிற்சியைத் தொடங்கினேன். விறாந்தையில் குரல்கள் கேட்டதும் அவர் எழுந்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தார். நான் தடுக்கவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனுக்கு முன்னால் போய்க் கைகூப்பி, கதிரையைக் காட்டி, "விசரா" என்றார்.

மனைவி தலையைக் குனிந்துகொண்டார். வந்தவர் அதிபரின் முகத்தைப் பார்த்தார், கை காட்டிய கதிரையைப் பார்த்தார்.

"ஓம் மாஸ்ரர், இருக்கிறன். நீங்களும் இருங்கோ."

அதிபர் குசினிப் பக்கம் கையைக் காட்டி மறுபடியும் "விசரா" என்றார்.

"ஓமோம், தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போவம்."

அந்தச் சொல்லை நான் எத்தனையோ தடவை ஒலிப்பதிவு செய்திருக்கிறேன். ஒரு தடவைகூடப் பதில் சொன்னதில்லை.

அந்தக் கலியாணம் பிறகு சரிவரவில்லை. அது வேறு விஷயம். அன்று நான் புறப்பட்டபோது அவர் படலை வரை வந்தார்.

"விசரா," என்றார்.

"ஓம் சேர், அடுத்த கிழமை வாறன்," என்றேன்.