சின்னதாக வரைந்த பெரிய ஷெட்

கையெழுத்து ஏறி இறங்கி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 'ழ' எழுதினால் வால் கீழ் வரிக்குப் போய்விடுகிறது. இந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு மூன்று நாள். முடித்ததும் மகள் போட்டோ எடுத்து நம்ம வாட்ஸ்அப் குரூப்பில் போடுவாள்.

கோயில் மண்டபத்தில் ஞாயிறு தோறும் தமிழ் வகுப்பு. எண்பது வயதில் போய்ச் சேர்ந்தேன். இப்போது காலண்டர் தாளைக்கூடப் படித்துவிட்டுத்தான் கிழிக்கிறேன். அத்தனை சந்தோஷம்...

ஆனால் படிக்கத் தெரிந்ததும் முதலில் படித்தது எது என்று கேட்டால், நெஞ்சு கசக்கிறது.

சுக்கு வாசனை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டோ எழுபத்தொன்பதோ... கொச்சியில் மட்டாஞ்சேரி பஜாரில் சுக்கு மூட்டை சுமந்துவிட்டு வந்தால், குளித்தாலும் அந்தக் காரம் தோலை விட்டுப் போகாது. அந்த வாசனையோடுதான் அன்றைக்கு முற்றத்தில் உட்கார்ந்து ஒரு தாளையும் ஒரு அட்டையையும் கையில் வாங்கினேன்.

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண் இருந்தது. என் மனைவி பாக்கியம் அதில் பழைய பால்மாவு டின்களை வரிசையாக வைத்து மிளகாய் நாற்று, கத்தரி நாற்று, வெற்றிலைக் கொடி எல்லாம் வளர்ப்பாள். சனிக்கிழமை கூடையில் எடுத்துப்போய் விற்றுவிட்டு வருவாள். மழைக்காலம் வந்தால் எல்லாம் அழுகிப்போகும்.

"தோட்டத்துல ஒரு ஷெட் போட்டுத் தாங்க. ஒரு மழைய தாண்டிட்டா போதும், வருசம் பூரா நாத்து விப்பேன்" என்றாள். அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

நாகர்கோவில் பக்கத்து மேஸ்திரி ஒருவர் இரண்டு பிளான் வரைந்து கொண்டுவந்தார். ஒன்று முழுத் தாளை அடைத்துப் பெரிதாக இருந்தது. இன்னொன்றை, தாள் தீர்ந்துபோய், ஏதோ அட்டையின் பின்பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார். ரெண்டிலும் அளவு எழுதியிருந்தது.

எனக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது. எழுதியிருக்கிற எண்ணும் படிக்கத் தெரியாது. மூட்டைக்கு ஒரு கோடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே ஒன்று, அவ்வளவுதான். அது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு சுமக்கிற இரண்டு பேர் வேறு சாயா குடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்கள்.

நான் என்ன செய்தேன்... கையை விரித்து ஜாண் போட்டுப் பார்த்தேன். தாளில் இருந்தது ஒரு ஜாணுக்கு மேல். அட்டையில் இருந்தது நாலு விரல்.

"இந்தப் பெருசு போதும்" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "அண்ணே, எழுதியிருக்கிற அளவு பாத்தீங்கல்ல?"

"பாத்தாச்சு பாத்தாச்சு."

பாக்கியம் அடுக்களை வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள். அஞ்சாவது வரைக்கும் படித்தவள். "இங்க பாருங்க, அதுதான் சின்னது. அட்டையில இருக்கறதுதான் பத்துக்கு எட்டு, சன்னலும் ரெண்டு இருக்கு" என்றாள்.

"அஞ்சாங்கிளாஸ் படிச்ச அம்மா வந்துட்டாங்க. நீயே மேஸ்திரி வேலையும் பாரேன்" என்றேன்.

சாயா குடித்தவர்கள் சிரித்தார்கள். "சேட்டன் சொன்னா பின்னே அப்பீல் உண்டோ" என்றான் ஒருத்தன். அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மேஸ்திரி குச்சி அடித்துக் கயிறு கட்டினார். நின்று பார்த்தேன். குறுக்கே ஒரு ஆள் படுத்தால் கால் வெளியே நீட்டும் போல இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட எவ்வளவு நேரம்?

"மாத்தணுமா அண்ணே?" என்று கேட்கவும் செய்தார் அந்த மனுஷன்.

"நான் சொன்னதுதான்" என்றேன்.

மண்வெட்டி, கடப்பாரை, தேங்காய் மட்டை... அதோடு ஷெட் நிறைந்துவிட்டது. டின்கள் வெளியேதான். ஜூன் மாதத்து இடவப்பாதி மழையில் பின்பக்கம் முட்டளவு தண்ணீர். நாற்று எல்லாம் மிதந்தது. பாக்கியம் டின்களைக் கவிழ்த்து வைத்தாள், பிறகு நிமிர்த்தவே இல்லை. அடுத்த மாதம் செம்மீன், அதாவது இறால், உரிக்கிற கம்பெனிக்குப் போக ஆரம்பித்தாள். அங்கேயும் ஒரு ஷெட்தான். கம்பெனிக்காரனுடையது, நல்ல பெரிய ஷெட். அதில் பதினாறு வருஷம் ஐஸில் கை வைத்தாள். இன்றைக்கு அவள் விரல் மடங்காது, பேனா பிடிக்க வராது.

ஒரு நாள்கூட இதைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாதம் டிரங்குப் பெட்டியில் அந்த இரண்டு பிளானும் கிடைத்தது. அவள்தான் மடித்து வைத்திருக்கிறாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீளம் ஆறு அடி. அகலம் ஐந்து அடி. அதுதான் என் பெரிய ஷெட். அப்புறம் அட்டை. நீளம் பத்து அடி. அகலம் எட்டு அடி. கி-ழ-க்-கு... கிழக்குச் சன்னல். தெற்குச் சன்னல். நாற்றுப் பலகை.

நாற்றுப் பலகை என்றுகூட எழுதியிருந்தார். அவள் சொல்லித்தான் எழுதியிருப்பார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த பாக்கியத்துக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

"நல்லாத்தான் படிக்கறீங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாப்பது வருசம் முன்னாடி படிச்சிருக்கலாம்."

இப்போது மகள் போனில் காட்டுகிறாள்... தோட்டத்து ஷெட் நூறு விதம். விரலால் திருப்பினால் உள்ளே போய் நின்று பார்க்கிற மாதிரி இருக்கிறது. படிக்கவே வேண்டாம். என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு சௌகரியம். ஆனால் வீட்டில் ஒருத்தி வாசலில் நின்று சொல்வதைக் கேட்க அன்றைக்கும் எழுத்து வேண்டியிருக்கவில்லையே.

இதுவரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "பாதிதான் எழுதியிருக்கீங்க" என்றாள். மீதியை அடுத்த ஞாயிறு வகுப்பு விட்டு வந்ததும் அவள் சொல்வாளாம், நான் எழுத வேண்டுமாம்.

"நடுவுல பேசக் கூடாது" என்றும் சொல்லியிருக்கிறாள்.

எழுதுகிறேன்.