எட்டு மணி நேர ஓய்வு

அணுமின் நிலையத்தில் அவளைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடங்களில் ஒரு நாள்கூட ஷிஃப்டுக்குத் தாமதமாக வந்தவள் இல்லை. கண்ட்ரோல் ரூமில் இரண்டாவது மேசை அவளுடையது. அணு உலையைக் குளிர வைக்கும் தண்ணீர் எந்தக் குழாயில் எவ்வளவு போகிறது, எந்த பம்ப் ஓடுகிறது, எது நிற்கிறது என்று கண்ணெடுக்காமல் பார்க்க வேண்டும். வெளியாளுக்கு அது சும்மா உட்கார்ந்திருக்கும் வேலை. "நாற்காலியைத் தேய்க்கிற உத்தியோகம்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த வேலைக்கு அவளை மனுப் போடச் சொன்னது அக்காவின் கணவர். அங்கேயே ஷிஃப்ட் பொறியாளர். அப்பா இல்லாத வீட்டில் அவளுடைய படிப்பு, கல்யாணம் எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர். அத்தான் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

அந்த வருடம் பழுது பார்ப்பதற்காக உலையை நாற்பது நாள் நிறுத்தியிருந்தார்கள். சொன்ன தேதியில் திரும்ப ஓட்டியாக வேண்டும் என்று மேலிடத்தின் நெருக்கடி. ஆபரேட்டர்களில் மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். அந்த இடங்களுக்கு யாரையும் எடுக்கவில்லை. எட்டு மணி நேர ஷிஃப்ட் பதினாறு மணி நேரமானது. முதல் நாலைந்து நாள் டீயைக் குடித்து ஓட்டினாள். அப்புறம் உடம்பு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரே எண்ணை மூன்று முறை படித்தும் மனதில் நிற்காது. ஒரு நாள் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் அலுவலக அடையாள அட்டையைக் காட்டிக்கொண்டு, ஏன் திறக்கவில்லை என்று நின்றிருக்கிறாள்.

கணவர் பஸ் டிரைவர். "எங்க டிப்போல எட்டு மணி நேரத்துக்கு மேல ஸ்டியரிங்கைத் தொட விடமாட்டான். ஐம்பது பேர் போற பஸ்ஸுக்கே இப்படி. உங்க ஆளுங்களுக்குப் பயமே கிடையாதா?" என்றார்.

மறுநாள் அவள் அத்தானிடம் போய்ச் சொன்னாள்.

"கண்ணு ரெண்டும் எரியுது அத்தான். ஒரு நாள் லீவு கொடுங்க. தூங்கி எழுந்து வந்துடறேன்."

"நீயே இப்படிச் சொன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது? இன்னும் ஒரு வாரம் தள்ளும்மா. நான் இருக்கேன்ல" என்றவர், மேசைக்குள்ளிருந்து ஒரு கற்றைத் தாளை எடுத்தார். ஷிஃப்டுக்கு முன்னால் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்தேன் என்று ஒவ்வொரு ஆபரேட்டரும் தினமும் எழுதிக் கொடுக்க வேண்டிய தாள். "மொத்தமா போட்டுக் கொடுத்துடு. தேதியை நான் எழுதிக்கிறேன்."

அவள் கையெழுத்துப் போட்டாள்.

உலையை ஓட்டுவதற்கு முன் துணை பம்பைச் சோதிக்க வேண்டும். பிரதான பம்ப் நின்றால் உலைக்குத் தண்ணீர் கொடுப்பது அதுதான். பழுது வேலைக்காக அதன் வால்வை மூடியிருந்தார்கள். "அதெல்லாம் நான் பார்த்துட்டேன், நீ போடு" என்று அத்தான் சோதனைத் தாளை நீட்டினார். அதிலும் போட்டாள்.

உலை மறுபடி ஓடத் தொடங்கியது. பதினாறு மணி நேர ஷிஃப்ட் ஆரம்பித்த பன்னிரண்டாம் நாள் காலை பதினொன்று இருபதுக்குப் பிரதான பம்ப் நின்றது. பலகை முழுவதும் அலாரம் விளக்குகள். அவற்றில் பாதி, வாரக்கணக்கில் காரணமில்லாமல் மின்னிக்கொண்டிருந்தவை. துணை பம்ப் ஓடுவதாகப் பச்சை விளக்கு காட்டியது. பம்ப் ஓடத்தான் செய்தது. வால்வு மூடியிருந்ததால் ஒரு சொட்டுத் தண்ணீர் உலைக்குப் போகவில்லை. உலையின் சூடு ஏறிக்கொண்டே போனது. வால்வின் விளக்கை ஒரு பழுதுச் சீட்டு மறைத்துத் தொங்கியது. அதை விலக்கிப் பார்க்க அவளுக்கு ஒன்பது நிமிடம் பிடித்தது.

பம்ப் அறைக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த ஃபிட்டரும் அதே பன்னிரண்டு நாள் அவளோடு வேலை பார்த்தவர்.

"அண்ணே, துணை பம்ப் வால்வு மூடியிருக்கு. கையால திறக்கணும்."

"இதோ போறேன்மா."

அவர் திறந்தார். தண்ணீர் பாய்ந்தது. ஆனால் ஒரு குழாயின் இணைப்பு வெடித்து நீராவி அவர்மேல் அடித்தது. உலையின் ஒரு பகுதி அதற்குள் உருகி, கதிர்வீச்சு வெளியே கசிந்தது. சாயங்காலத்துக்குள் ஊழியர் குடியிருப்பையும் பக்கத்திலிருந்த மூன்று ஊர்களையும் காலி செய்தார்கள். நான்காம் நாள் மருத்துவமனையில் ஃபிட்டர் இறந்தார்.

விசாரணைக் குழுவின் முன் அத்தான் சலவைச் சட்டையோடு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆபரேட்டர் தினமும் ஓய்வெடுத்துட்டுத்தான் வந்தாங்க. கையெழுத்தோட தாள் இருக்கு. சம்பவத்தப்போ நாற்காலியில கண் அசந்திருந்தாங்க. நான்தான் தட்டி எழுப்பினேன்."

அவள் தூங்கவில்லை. அத்தான் அந்த நேரத்தில் அந்த அறையிலேயே இல்லை. ஆனாலும் அவளைக் குத்தியது அந்த 'அந்த ஆபரேட்டர்'தான். தனக்குத் தாலி எடுத்துக் கொடுத்த மனிதரின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது.

"ஓய்வெடுத்தேன்னு போட்டதும் பொய், சோதிச்சேன்னு போட்டதும் பொய்" என்று அவள் குழுத் தலைவரிடம் சொன்னாள். "எழுதிக்குங்க. தாளை நீட்டினது யாருன்னும் எழுதிக்குங்க."

அறிக்கையில் முதல் பாதி வந்தது. இரண்டாவது பாதி வரவில்லை. ஆபரேட்டரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம் என்று முடித்து, அவளுடைய உரிமத்தை ரத்து செய்தார்கள்.

அன்று அக்கா போன் செய்தாள். "அவர் பேர் கெட்டா என் குடும்பமே போயிடும். நீ எப்படியாவது சமாளிச்சுப்ப."

"அவர் இப்படிச் சொல்லப் போறார்னு உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?"

"தெரியும்" என்றாள் அக்கா.

எட்டு மாதம் கழித்து, மாற்றுக் குடியிருப்பில் அவள் வீட்டுக் கதவைத் தட்டியது ஃபிட்டரின் மனைவி. திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். வந்தவள் போனை நீட்டினாள். நிலையத்துக்குள் போகும்போது 'உள்ள போறேன்', வேலை முடிந்து வெளியே வந்ததும் 'கிளம்பிட்டேன்' என்று தினமும் மனைவிக்கு அனுப்புவது ஃபிட்டரின் வழக்கம். விபத்துக்கு முந்திய பதினோரு நாள் செய்திகளும் அதில் இருந்தன. எந்த நாளிலும் இரண்டுக்கும் இடையில் பதினாறு மணி நேரத்துக்குக் குறையவில்லை. ஒன்றில், 'கடிகாரமும் இன்னும் உள்ளதான் இருக்கு, பாவம், நின்னுக்கிட்டே தூங்குது' என்று எழுதியிருந்தார்.

"அவரும் தினம் எட்டு மணி நேரம் தூங்கினார்னு தாள் வச்சிருக்காங்க" என்றாள் அந்தப் பெண். "அவர் கையெழுத்தேதான். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

மறுவிசாரணை கேட்டு இரண்டு பெண்களும் சேர்ந்து மனுப் போட்டார்கள். இரண்டு வருடம் அலைந்தார்கள். கடைசியில் அறிக்கையில் ஒரு வரி கூடியது: 'ஊழியர்களின் களைப்பும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.' உரிமம் திரும்பி வரவில்லை. அத்தான் தலைமை அலுவலகத்தில் பாதுகாப்பு ஆலோசகராகப் பதவி உயர்வு பெற்றிருந்தார்.

இப்போது அவள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் இரண்டு முறை படித்துவிட்டுத்தான் கொடுப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். போன மாதம் அந்த வரிசையில் அக்கா நின்றாள், அத்தானுக்கு ரத்த அழுத்த மாத்திரை வாங்க. அவள் காலாவதித் தேதியைப் பார்த்து, உறையில் போட்டு, காலையில் ஒன்று என்று எழுதிக் கொடுத்தாள்.

"வீட்டுக்கு ஒரு தடவை வாயேன். எத்தனை நாளைக்கு இப்படி?" என்றாள் அக்கா.

"வந்தா அத்தான்னு கூப்பிடணுமே. அது வாயில வரமாட்டேங்குதுக்கா."

அக்கா உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். அடுத்தவர் மருந்துச் சீட்டை நீட்டினார்.