இரண்டு பெடல் போதும்

முழங்காலில் கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னார், இடது கால் இனி பாதிக்கு மேல் மடங்காது, நடக்கலாம், கிளட்ச் மிதிக்க முடியாது என்று. என் வீட்டுக்காரர் உடனே, "அதனால என்னங்க டாக்டர், டிரைவர் போட்டுக்கலாம்" என்றார். என்னை யாரும் கேட்கவில்லை.

எனக்கு எடப்பாடியில் விசைத்தறித் துண்டு வியாபாரம். ஈரோடு, கரூர் என்று அலையும் தொழில். ஆனால் நான் கார் ஓட்டியது தொழிலுக்காக மட்டும் இல்லை. வேகம் எனக்குப் பிடிக்கும். டர்போ எஞ்சின் வைத்த, கிளட்ச் மிதித்துக் கையால் கியர் மாற்றும் சின்ன மேனுவல் கார் ஒன்று இருந்தது. வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போது எஞ்சின் உறுமுவது உள்ளங்கையில் தெரியும். சங்ககிரி பக்கம் ஸ்கூட்டரில் போனபோது எதிர்த்திசையில் வந்த டெம்போ ஒன்று என்னை இடித்துத் தள்ளியது. அதோடு அந்தக் கார் என் தம்பி கைக்குப் போனது. ஒருநாள் அதில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கிளட்ச் பாதிக்கு மேல் இறங்கவில்லை. இறங்கிக் கதவைச் சாத்தினேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

வீட்டில் சொல்லாமல் சேலத்தில் ஒரு ஷோரூமுக்குப் போக நினைத்தேன். தெரிந்துகொண்டு வீட்டுக்காரரும் வந்துவிட்டார். விற்பனையாளர் அவரைப் பார்த்தே பேசினார். "ஆட்டோமேட்டிக்குன்னா மேடத்துக்கு ஈஸியா இருக்கும் சார்."

"ஓட்டப்போறது நானுங்க. எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன்.

அந்த வண்டியை ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தேன். டவுன் நெரிசலில் அலுங்காமல் போனது. ஆனால் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் கொஞ்சம் யோசித்தது. அது கியரை இறக்குவதற்குள் வளைவு முடிந்துவிட்டது. புது ஆட்டோமேட்டிக்குகள் இவ்வளவு தாமதிப்பதில்லை என்கிறார்கள். நான் ஓட்டிய வண்டி தாமதித்தது.

"வேற என்னங்க இருக்குது?"

அவர் தயங்கினார். "டூயல் கிளட்ச் ஒண்ணு இருக்குதுங்க மேடம். அது வேகத்துக்குன்னே செஞ்ச பர்ஃபார்மன்ஸ் கார். வயசுப் பசங்க எடுக்கறது."

"அதையே கொண்டாங்க."

அதில் கிளட்ச் இரண்டு; ஆனால் மிதிக்கப் பெடல் கிடையாது, இரண்டையும் வண்டியே இயக்கிக்கொள்ளும். ஒன்று, மூன்று, ஐந்தாவது கியர்கள் ஒரு கிளட்சிடம். இரண்டு, நான்கு, ஆறு மற்றொன்றிடம். மூன்றாவது கியரில் போகும்போதே நான்காவது தயாராக நிற்கும். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருக்கும் சின்னத் தகட்டை விரலால் இழுத்தால் கண் இமைப்பதற்குள் மாறிவிடும். அதே மலையில் அதே வளைவுகளில் ஏறினேன். எந்தக் கியர், எப்போது என்பது மறுபடி என் கைக்கு வந்தது. பக்கத்தில் வீட்டுக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த வாரமே வாங்கிவிட்டேன்.

தம்பி வந்து காரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "கிளட்சு மிதிக்காம வண்டிய ஓட்டறதெல்லாம் ஒரு ஓட்டறதாக்கா?" என்றான்.

கார்ப் பைத்தியங்கள் சிலர் நாமக்கல்லுக்கு வெளியே, லாரி பாடி கட்டும் ஒரு பட்டறையின் பெரிய கான்கிரீட் தளத்தில் ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தார்கள். தரையில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே ஒவ்வொருவராக ஓட்ட வேண்டும்; குறைந்த நேரத்தில் முடிப்பவருக்கு முதலிடம். நான் காலை இழுத்து நடந்து வருவதைப் பார்த்த ஏற்பாட்டாளர், "லேடீஸுக்குத் தனியா ஒரு ரவுண்டு வச்சிருக்கறமுங்க" என்றார்.

"எனக்கு வேண்டாங்க. எல்லாரோடயுமே ஓட்டறேன்."

தம்பி என் பழைய காரில் முதலில் ஓட்டினான். நன்றாகவே ஓட்டினான். பிறகு நான் போனேன். கடைசி வளைவில் பின்சக்கரம் லேசாக வழுக்கியது. ஸ்டியரிங்கைத் திருப்பிச் சமாளித்து வெளியே வந்தேன். முதலிடம் கிடைக்கவில்லை. கரூர்க்காரர் ஒருவர் என்னைவிட வேகம். ஆனால் தம்பி எனக்கு வெகுவாகப் பின்னால்.

அவன் விடவில்லை. "கியர மாத்துனது கியர்பாக்ஸுப் பொட்டி. நீ சும்மா ஸ்டியரிங்கத்தான புடிச்ச?"

சாவியை அவன் கையில் வைத்தேன். "அப்ப நீ ஓட்டு. பொட்டி உனக்கும் மாத்தும்."

போனான். நேர்ப்பாதையில் பறந்தான். வளைவில் பிரேக்கைத் தாமதமாகப் பிடித்து ஒரு கூம்பைச் சாய்த்தான். என் நேரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இறங்கி வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "அந்த ரெண்டாவது வளைவுல எங்க பிரேக் புடிக்கறக்கா?" என்றான். அவனைக் கூட்டிப் போய் இடத்தைக் காட்டினேன்.

மேனுவலில் இருந்த சுகம் இதில் இல்லை; அது எனக்குத் தெரியும். கால், கை, காது மூன்றும் சேர்ந்து ஒரு கியர் விழும் சுகம் அது. அது மட்டும்தான் ஓட்டுவது என்று சொல்பவர்களுக்கு இரண்டு முழங்காலும் மடங்குகிறது.

திரும்பும்போது திருச்செங்கோட்டு ரோட்டில் முட்டை லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனதில், கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது என்று விளக்கு எரிந்தது. ஓரம் கட்டினேன். பின்னால் வந்த தம்பி கண்ணாடியை இறக்கிச் சிரித்தான். "பாத்தியா, என் வண்டிக்கு இந்த இம்சையெல்லாம் இல்ல."

"சூடு ஆறட்டும். நீ முன்னால போ" என்றேன். "எடப்பாடிக்கு முன்னாடி உன்னப் புடிச்சர்றேன்."