குழி விழுந்த தோட்டா

எங்கள் வீட்டு ஆயுத பூஜையில் அரிவாளுக்கும் மண்வெட்டிக்கும் நடுவே ஒரு ரிவால்வரும் இருக்கும். தாத்தா ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் வாங்கியது. அவருக்குப் பிறகு உரிமம் அவர் மகன், எங்கள் அய்யா பெயருக்கு மாறியது. உத்தரகோசமங்கைப் பக்கம் துப்பாக்கி வீடு என்றால் எங்கள் வீடுதான். அதை வைத்து யாரையும் சுட்டதில்லை, மிரட்டியதுகூட இல்லை. தேர்தல் வந்தால் அய்யா சலவை வேட்டி கட்டிக்கொண்டு போய் அதை ஸ்டேஷனில் ஒப்படைப்பார். தேர்தல் முடிந்ததும் அதே வேட்டியில் போய் வாங்கி வருவார். அவருக்கு இருந்த ஒரே ஜம்பம் அதுதான்.

அண்ணன் இங்கிலாந்தில் இருக்கிறான். போன இடத்தில் பழைய கைத்துப்பாக்கி சேர்க்கிற பைத்தியம் பிடித்துக்கொண்டது. அந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருப்பதே பொதுவாகக் குற்றம். முதல் உலகப் போர் முடிவதற்குள் செய்ததாக இருந்து, அதற்கான தோட்டாவும் எளிதில் கிடைக்காது என்றால், தனி உரிமம் வாங்கி வீட்டில் வைக்கலாம். ஆனால் சுடக் கூடாது. வேறு சிலவற்றை அதற்கென்று ஒதுக்கிய இடத்தில் பூட்டிவைத்து, வேண்டும்போது போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களைப் பார்த்து வருவதுபோல இவன் துப்பாக்கியைப் பார்த்து வருகிறான் என்று அம்மா சிரிப்பாள்.

தாத்தாவின் ரிவால்வர் மேல் அவனுக்கு எப்போதும் ஒரு கண். அம்மா அதற்குப் பொட்டு வைப்பதை வீடியோ காலில் பார்த்தால், “இரும்புல சந்தனத்த வைக்காதம்மா, துருப்பிடிச்சுரும்” என்று கத்துவான். அம்மா வேண்டுமென்றே இன்னொரு பொட்டு வைப்பாள். பக்கத்தில் பித்தளைக் கிண்ணத்தில் தாத்தா காலத்துத் தோட்டாக்கள் இருக்கும். அவற்றுக்கும் குங்குமம் உண்டு.

அம்மா போன பிறகு அய்யா அந்த வீட்டில் தனியாக இருந்தார். எனக்குப் பரமக்குடியில் வேலை, குடும்பம். சரியாகச் சாப்பிடாத, யாரிடமும் பேசாத மனிதரோடு ஒரு ரிவால்வர் இருப்பது எனக்கு உறுத்தியது. அண்ணனிடம் சொன்னேன்.

“அந்தத் தோட்டால்லாம் எப்பவோ செத்துப்போச்சு. அது இப்ப வெறும் காட்சிப்பொருள், பயப்படாத” என்றான்.

துக்க வருடத்தில் பண்டிகை கிடையாது. மறுவருடம் ஆயுத பூஜைக்கு நான்தான் போய் எல்லாவற்றையும் துடைத்தேன். தோட்டாவின் அடிப்பக்கம், நடுவில் பொட்டுபோல ஒரு வட்டம் இருக்கும். எல்லாவற்றிலும் அது சமமாக இருந்தது. ஒன்றில் மட்டும் ஊசியால் குத்தியதுபோல் குழி விழுந்திருந்தது. போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன்.

உடனே கூப்பிட்டான்.

“அது அடிபட்ட தோட்டா. யாரோ உள்ள போட்டு விசைய இழுத்திருக்காங்க. மருந்து செத்துப்போனதால வெடிக்கல.”

“யாரோன்னா? வீட்ல வேற யாருண்ணே இருக்கா?”

பயப்படாதே என்று சொன்னவன் மேல் வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

அய்யா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தோட்டாவை அவர் முன்னால் நீட்டினேன்.

“இது என்னங்கய்யா?”

பார்த்தார். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“ஒங்க ஆத்தா காரியம் முடிஞ்சு எல்லாரும் பஸ் ஏறிப் போனீகள்ல, அன்னைக்கு. ஒரு தடவ இழுத்தேன். வெடிக்கல. அப்பறம் நீ போன் போட்ட.”

எனக்கு அந்த போன் ஞாபகம் இருக்கிறது. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். சாப்பிட்டேன் தாயி என்றார்.

மறுநாளே அவரைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஸ்டேஷனுக்குப் போனேன். இனி வேண்டாம் என்று எழுதிக்கொடுத்து, ரிவால்வரையும் தோட்டாக்களையும் ஒப்படைத்தோம். போலீஸில் அதை வெட்டி அழித்துவிடுவார்கள், கொஞ்சம் பொறு என்று வழியெல்லாம் அண்ணன் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். வெட்டட்டும் என்று ஒரே பதில் போட்டேன். அய்யா மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டார். அன்று அவர் சலவை வேட்டிகூடக் கட்டவில்லை.

வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும் எனக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல் இருந்தது. வண்டி கிளம்பியது. அய்யா ரோட்டைப் பார்த்தபடி கேட்டார்.

“நீ எத்தன மணிக்குத் தாயி பஸ் ஏறணும்?”