கொயினாவுக்கு அடங்காத காய்ச்சல்

கொல்லிமலையில் அந்தக் காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் ஒரே பெயர்தான், மலைக்காய்ச்சல். ஒரே மருந்துதான், கொயினா. மலைமேல் குண்டூர் நாடு என்கிற பகுதியில் இருந்த சின்ன மருந்தகத்தில் நான் கம்பவுண்டர். டாக்டர் மாதம் ஒருமுறை மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் நானே டாக்டர் என்று எனக்கொரு நினைப்பு. இப்போது நினைத்தாலும் என் மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

என் மனைவிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடைவாய்ப் பல் சொத்தையாகி வலி தாங்கவில்லை என்றாள். நானே பிடுங்கினேன். இரண்டு வாரம் கழித்து, பொழுது சாய்ந்தால் உடம்பு சுட ஆரம்பித்தது. கொயினா கொடுத்தேன். சுடுவது நிற்கவில்லை.

எங்கள் மலையில் பாதிப் பேர் கசப்புக்குப் பயந்து மாத்திரையை வாயில் ஒதுக்கிக்கொண்டு போய் மிளகுக்கொடி அடியில் துப்பிவிடுவார்கள். அவர்களோடு மல்லுக்கட்டியே எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. இவளும் துப்புகிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். கம்பவுண்டர் பெண்டாட்டிக்கே காய்ச்சல் விடவில்லை என்று ஊர் சிரிக்குமே! எதிரே உட்கார்ந்து விழுங்க வைத்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். அப்புறமும் விடவில்லை. வெளியே போய் வாந்தி எடுக்கிறாயா என்று கத்தினேன். விரல் நுனி வலிக்கிறது, சிவந்திருக்கிறது பாருங்கள் என்றாள். சாமை அறுத்த கை, செத்தை குத்தியிருக்கும் என்று எரிந்து விழுந்தேன். மூச்சு வாங்கியது. இளைத்துத் துரும்பானாள். அந்த மாதம் டாக்டர் வந்தபோதுகூடக் காட்டவில்லை. கேவலம் ஒரு காய்ச்சலுக்கா என்ற வீம்பு.

அடுத்த மாதம் அவர் வந்தபோது அவளால் நடக்க முடியவில்லை. அவரை வீட்டுக்கே கூட்டி வந்தேன். கொயினாவைத் துப்பிவிடுகிறாள் என்று முதலில் அவளைப் பற்றிப் புகார்தான் சொன்னேன். அவர் அவளிடம் காதில் இரைச்சல் உண்டா என்று கேட்டார்.

"ஒரு மாசமா வண்டு கத்தறாப்பல இருக்குதுங்க. சொன்னா, மாத்திரைய நிறுத்தறதுக்குச் சாக்குன்னு இவரு வைவாருங்க. அதான் சொல்லல."

கொயினா அளவுக்கு மீறி உடம்பில் ஏறினால் காது இரையும். மருந்தகத்தில் நானே பத்துப் பேருக்குச் சொன்ன பாடம் அது. ஒன்று விடாமல் விழுங்கியிருக்கிறாள், பாவி மகள்.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்றார். வந்தது. பல் ஏதும் பிடுங்கினீர்களா என்றார். நானேதான் பிடுங்கினேன் என்றேன். அந்த மூட்டுக்காய்ச்சலில் முன்பே பழுதான இதய வால்வில், பல் பிடுங்கிய புண் வழியே கிருமி போய்க் குடியேறிவிட்டது, விரல் நுனிச் சிவப்பும் அதன் அடையாளம்தான், இதற்கு மருந்து இல்லை என்று என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

இன்று அதற்கு ஊசி இருக்கிறது. நோயும் ஆள் மாறிவிட்டதாம். இளசுகளை விட்டுவிட்டு வயசானவர்களை, வால்வு மாற்றி வைத்துக்கொண்டவர்களைப் பிடிக்கிறதாம். சொல்கிறார்கள். எனக்கென்ன வந்தது?

உள்ளே போனேன். அவளிடம் எதைச் சொல்வது? இது மலைக்காய்ச்சல் இல்லையாம் என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப இனி அந்தக் கசப்ப முழுங்க வேண்டாமுங்களா?"

வேண்டாம் என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தாள். அதன்பின் பதினெட்டு நாள் இருந்தாள்.