அம்மாவுக்கு வராத ஸ்கூட்டர்

திண்டுக்கல்லில் ஸ்கூட்டர் ஓட்டுகிற பெண்களில் பாதிப்பேர் தன்னிடம் கற்றவர்கள் என்று என் சித்தி சொல்லிக்கொள்வாள். பாதி என்பது கொஞ்சம் அதிகம். கால்வாசி என்றால் நான் கோயிலில் வந்து சத்தியம் செய்யத் தயார். இப்போது அவளிடம் வரிசையாக வண்டிகள் நிற்கின்றன, உதவிக்கு இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், போன மாதம் ஒரு காரும் வந்து சேர்ந்தது. தொழில் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் போதும், என் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து முன்னால் நிறுத்திவிடுவாள்.

"இந்தா, இவதான் காரணம். இம்புட்டு மண்டு இந்த ஊருக்குள்ள கிடையாது. இவளுக்கே கத்துக் குடுத்துட்டேன், நீங்கள்லாம் எம்மாத்திரம்?"

அம்மா சிரித்துக்கொண்டே நிற்பாள். மறுத்து ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

இது தொடங்கியபோது நான் நாலாம் வகுப்பில் இருந்தேன். அம்மாவின் தங்கையான சித்தி எங்கள் வீட்டு மாடி அறையில் தங்கிக்கொண்டு ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சராக வேலை பார்த்தாள். பிள்ளைகளைக் கம்ப்யூட்டரைத் தொடவிடாமலே கம்ப்யூட்டர் பாடம் நடத்தச் சொன்னார்கள் என்று கோபித்துக்கொண்டு ஒருநாள் வேலையை விட்டாள். இருந்த சேமிப்பில் இரண்டு பழைய ஸ்கூட்டர்களை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தரப் போவதாக அறிவித்தாள். கடைவீதியில் பூட்டுக்கடை வைத்திருந்த என் அப்பா, அந்த வண்டிகளை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இதுல எது ஓடும்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நாட்களில் சித்தி செல்போனில் ஒருவருடைய பேச்சை விடாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். தொழில் தொடங்குகிறவர் மனதுக்குள் ஒரு லட்சியம் இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் அலுத்துப்போகும் என்று அந்த மனிதர் அடித்துச் சொல்வார். சித்திக்கு வண்டி இருந்தது, மைதானம் இருந்தது, லட்சியம் மட்டும் இல்லை. அதனால் அதையும் தேட ஆரம்பித்தாள். முதலில் நோட்டீஸில் 'மகளிர் முன்னேற்றமே எங்கள் லட்சியம்' என்று அச்சடித்தாள். அடுத்த வாரம், பழைய பள்ளிக்காரர்கள் முகத்தில் கரியைப் பூசுவதுதான் லட்சியம் என்றாள். அதற்கடுத்து, சொந்தமாக ஒரு வீடு. எல்லாமே நல்ல லட்சியங்கள்தான். ஆனால் காலை ஐந்தரை மணிக்கு அவளைப் படுக்கையிலிருந்து எழுப்ப அவற்றில் ஒன்றுக்குக்கூடத் தெம்பு போதவில்லை. அம்மாதான் மாடிப்படியில் நின்று கத்தி எழுப்புவாள்.

மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு காலி மைதானம். அதன் ஓரத்தில் ஒரு பிரியாணிக் கடையின் பின்கட்டும் விறகுக் குவியலும் இருந்தன. யாராவது ஒரு பெண் வருவாள், இரண்டு நாள் ஓட்டுவாள், மூன்றாம் நாள் வீட்டில் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகச் செய்தி வரும். பிறகு சித்தி மட்டும் விறகுக் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து பிரியாணி வாசத்தை மோந்துவிட்டுத் திரும்புவாள். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பது, தேறாவிட்டால் வண்டிகளை விற்றுவிட்டு அந்தப் பள்ளிக்கே போய்க் கையைக் கட்டி நிற்பது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கிவிடும்.

அம்மாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய வாழ்க்கையில் பாதி, சேலை கட்டி முடித்து வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றதிலேயே போயிருக்கும். எங்கே போவதென்றாலும் அப்பா வந்துதான் அழைத்துப்போக வேண்டும். அப்பா கிளம்புகிற நேரம் பார்த்துத்தான் கடைக்கு யாராவது சாவி தொலைத்துவிட்டு வருவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உறவுக்காரப் பிள்ளைக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்குகிற சடங்கு. அம்மா பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, கேட்டருகே நின்றாள். வெகுநேரம் நின்றாள். அப்பா வந்து சேர்ந்தபோது அங்கே மாதா கோயிலில் பூசை முடிந்து பந்தியே தொடங்கியிருக்கும். அம்மா பூவை எடுத்து மாதா படத்துக்கு வைத்துவிட்டு, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். மாடியிலிருந்து இதையெல்லாம் பார்த்த சித்தி தடதடவென்று இறங்கி வந்தாள்.

"அத்தான், எங்க அக்கா ஒருநாளாச்சும் தானா வண்டிய எடுத்துக்கிட்டு இந்தக் கேட்டைத் தாண்டிப் போகணும். அதைப் பாக்காம நான் இந்தத் தொழில விடமாட்டேன்."

"செத்த நேரந்தானம்மா லேட்டாச்சு" என்றார் அப்பா.

"போடி, எனக்குச் சைக்கிளே வராது" என்றாள் அம்மா.

செய்த தப்புக்குப் பரிகாரம் போல, அடுத்த ஞாயிறு சித்தியின் தொழிலுக்காக ஒரு பூசை வைக்கலாம் என்று அப்பா சொன்னார். பூசைக்காசைக் கவரில் போட்டு என்னிடம் கொடுத்துக் கோயிலுக்கு அனுப்பினார். எங்கள் பக்கத்தில் பூசை வைக்கிறவர்கள் எந்தக் கருத்துக்காக என்று, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியாரிடம் சொல்ல வேண்டும். இறந்தவர் ஆன்மா இளைப்பாற, நோய் குணமாக, மகனுக்கு வேலை கிடைக்க என்று என்னென்னவோ கருத்துகள் இருக்கும். ஞாயிறன்று பூசைக்கு முன்னால் உபதேசியார் அவற்றை மைக்கில் வாசிப்பார். அப்பா என்னிடம் அந்தக் கருத்தைச் சொல்லி அனுப்ப மறந்துவிட்டார்.

"என்ன கருத்துக்குப் பாப்பா?" என்று உபதேசியார் கேட்டார்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

சொன்னதைச் சொன்னபடி வாசிக்கிற மனிதர் அவர். அந்த ஞாயிறு, இரண்டு ஆன்மாக்களுக்கும் ஒரு மூட்டுவலிக்கும் அடுத்தபடியாக, "பூட்டுக்கடைக்காரர் மனைவி நல்லமுறையில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளும்படியாக" என்று நிறுத்தி நிதானமாக வாசித்தார். பெண்கள் பக்கம் சிரிப்பு பரவியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். சித்தி என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். பீடத்தில் நின்ற சாமியார்கூடச் செத்த நேரம் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் அம்மாவைப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கேலி ஒரு சுற்று முடிந்த பிறகு, பூ மார்க்கெட்டில் கடை வைத்திருந்த ஒரு அக்கா மெதுவாக, "யார்ட்ட கத்துக்கிறீங்க? நானும் வரலாமா?" என்று கேட்டாள். மகளிர் முன்னேற்றம் கூட்டி வராத ஆட்களை அம்மாவின் மானக்கேடு கூட்டி வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இதெல்லாம் என்ன கூத்து என்று அம்மா கொதித்தாள். அப்பா முகத்தில் சிரிப்பைக் காட்டாமல், "பூசையே வச்சாச்சு. இனி நீ கத்துக்காம இருந்தா பூசைக்கு என்ன மரியாதை?" என்றார். கோயிலில் கேட்டதற்குப் பிறகு பின்வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அன்று முதல் சித்தியை யாரும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. விடிவதற்கு முன் அவளே கீழே வந்து அம்மாவைக் கிளப்புவாள். நானும் கூடவே போய் ஒரு கல்லில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். அம்மா பிரேக்குக்குப் பதில் ஆக்ஸிலேட்டரைத் திருகுவாள். வண்டி நின்ற பிறகும் காலை ஊன்ற மறந்து அப்படியே சாய்வாள். பூக்கார அக்கா பத்து நாளில் கற்றுக்கொண்டு போய்விட்டாள், அவளைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். அம்மா மட்டும் நத்தை மாதிரிதான் முன்னேறினாள். ஆனாலும் முன்னேறத்தான் செய்தாள். ஐப்பசி பிறந்தபோது மைதானத்தை ஒரு முழுச்சுற்று விழாமல் சுற்றி வந்தாள். நான் கைதட்டினேன்.

அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மைதானம் சேறாகி, வந்துகொண்டிருந்தவர்களும் நின்றுபோனார்கள். அந்த நேரம் பார்த்துப் பழைய பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். சித்தி அடுப்படிக்கு வந்து சுவரில் சாய்ந்து நின்றாள்.

"திங்கக்கிழமையிலருந்து ஸ்கூலுக்கே போறேன்க்கா. முடியல. வண்டிய வித்துரலாம்."

அம்மா சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சரிடி, நல்ல முடிவுதான். ஆனா எனக்கு எது பிரேக்கு எது ஆக்ஸிலேட்டருன்னு இன்னும் பிடிபடலையே. பாதியில விட்டுட்டுப் போனா நான் யார்ட்டப் போய்க் கத்துக்கிறது?"

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. போன வாரம்தானே சுற்றி வந்தாள்? மறுநாள் காலை மழை விட்ட இடைவெளியில் மூவரும் மைதானத்துக்குப் போனோம். அம்மா வண்டியைக் கிளப்பி நேராகக் கொண்டுபோய்ப் பிரியாணிக் கடை விறகுக் குவியலில் ஏற்றினாள். சித்தி தலையில் அடித்துக்கொண்டாள், திட்டினாள், அம்மாவின் முழங்கையில் இருந்த சேற்றைத் துடைத்தாள். திரும்பி வரும்போது அவள் முகம் பளிச்சென்று இருந்தது. "உன்னைத் தேத்தாம விட்டா நான் டீச்சரே இல்ல" என்றாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்குப் போகவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒருநாள் எங்கள் பள்ளியில் அரைநாள் விடுமுறை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நெரிசலில் எங்கள் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. ஒரு டவுன் பஸ்ஸுக்கும் வெங்காய மூட்டை ஏற்றிய லாரிக்கும் நடுவிலிருந்து ஒரு ஸ்கூட்டர் வளைந்து வெளியே வந்தது. காலடியில் காய்கறிப் பை. ஓட்டி வந்தவள் இடுப்பில் செருகிய முந்தானையோடு, கையை நீட்டிச் சைகை காட்டி, பின்னால் வந்த பைக்குக்காரனை ஒரு முறைப்பு முறைத்து, அலட்டிக்கொள்ளாமல் வலது பக்கம் திரும்பிப் போனாள். அது என் அம்மா.

வீட்டுக்குள் ஓடினேன். அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, நீ பஸ் ஸ்டாண்டுல வண்டி ஓட்டுனியா?"

"நானா? எனக்கு எங்க இருக்கு அம்புட்டுத் தைரியம்? வேற யாராச்சும் இருக்கும். போய்க் கையக் கழுவிட்டு வா."

வெளியே நின்ற வண்டியைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. வெயிலில் நின்றால் எதுவும் சூடாகத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பொய் சொல்வாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த நாள் காலை அவள் மறுபடியும் வண்டியோடு சாய்ந்தாள். புதிதாக வந்திருந்த இரண்டு பெண்கள் சிரித்தார்கள். இவளே பயப்படாமல் ஏறுகிறாள், நமக்கென்ன என்று அவர்களும் ஏறினார்கள். டீச்சர் எதிரே நின்றால் எனக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். அம்மாவுக்கும் தங்கையைக் கண்டால் அப்படி ஆகிறது போலிருக்கிறது என்று முடிவு செய்தேன். பாவமாக இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

தை மாதத்தில் சித்தியிடம் ஆட்கள் முறைவைத்துக் காத்திருக்கும் நிலை வந்தது. அப்போதுதான் ஒரே காலையில் அம்மாவுக்கு வண்டி ஓட்ட வந்துவிட்டது. சித்தி மைதானத்தின் நடுவில் நின்று அழுதாள், தெருவில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். ஆனால் எனக்கு அதைவிட நன்றாக நினைவிருப்பது, பஸ் ஸ்டாண்டில் பார்த்ததற்கு மறுநாள் அம்மா சாய்ந்து விழுந்தாளே, அன்றைய சாயங்காலம்தான்.

வழக்கம்போல எல்லோரும் மாதா படத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்து ஜெபமாலை சொல்லி முடித்தோம். பிறகு ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியதைக் கேட்க வேண்டும், மற்றவர்கள் ஆமென் சொல்ல வேண்டும். அப்பா கடைக்காகக் கேட்டார், ஆமென் சொன்னோம். சித்தி நாளைக்கு மழை வரக்கூடாது என்று கேட்டாள், அதற்கும் சொன்னோம். என் முறை வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, எங்கள் அம்மாவுக்குச் சீக்கிரமாக வண்டி ஓட்ட வர வேண்டும் என்று மனதாரக் கேட்டேன்.

சித்தி எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். எதற்கும் முதல் ஆளாக ஆமென் சொல்கிற அம்மா, அன்றைக்குச் சொல்லவில்லை. அந்த நேரம் அடுப்படியில் குக்கர் விசில் அடித்தது. அதனால் நான் கேட்டது அவள் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.